சாமி ரூம் வாசலில் சரத்குமாரின் செருப்பு

ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில், ஊர் முடிந்து தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில் நடராசனின் முந்திரி ஆலை இருக்கிறது. அந்த ஆலையின் சர்வர் சாமி ரூமில் இருக்கிறது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். கொட்டை அவிக்கிற புகை, உடைக்கிற கொட்டகையின் தூசு, பருப்புக்கு வருகிற எலி, இவை எதுவும் நுழையாத அறை அங்கே அது ஒன்றுதான். இன்வெர்ட்டரும் அங்கேதான் இருந்தது. கரண்ட் போனாலும் அம்மன் படத்தைச் சுற்றியிருக்கிற சீரியல் பல்பு அணையக் கூடாது என்று போட்டது.

நான் வேலை பார்க்கும் அரியலூர் கம்ப்யூட்டர் கடையிலிருந்து சர்வரைக் கொண்டுபோய் இறக்கியபோது, வைக்க வேண்டிய இடத்தை நடராசனே காட்டினார்.

"லட்சுமி இருக்குற எடத்துல கணக்கும் இருந்துட்டுப் போவட்டும் தம்பி."

வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது சர்வரின் நெற்றியில் மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமும் இருந்தன. பென் டிரைவ் செருகும் ஒரு துளையைச் சந்தனம் அடைத்திருந்தது. மற்றபடி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அதை ஓட்டுகிறவர் கமலவேணி. எறையூர்ப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய்வந்து பி.சி.ஏ. முடித்தவர். அவர் வீட்டில் முதல் பட்டம் அவருடையது, எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. எங்கள் தெருக் கல்யாணப் பத்திரிகைகளில் என் பெயருக்குப் பின்னால் போடும் எழுத்துகள் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். கமலவேணி தன் பெயருக்குப் பின்னால் எதுவும் போட்டுக்கொள்வதில்லை. கேட்டதற்கு, "போட்டா மட்டும் பில்லு வேகமா வருமா?" என்றார்.

அவருக்குப் பிடிக்காதவை இரண்டு. சொன்னதை மறுபடி சொல்வது ஒன்று. விரலால் திரையைத் தொட்டுக் காட்டுவது இன்னொன்று. ஆலைக்கு வந்த புதிதில் முதலாளி நடராசனே திரையைத் தொட்டு, "இதாம்மா, இந்தக் கணக்கு" என்றார். கமலவேணி துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். அதன் பிறகு முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கணக்குப் பார்க்கிறார்.

கல்யாணமாகி ஆறு வருடம். கணவர் முத்தமிழ்செல்வனுக்கு ஜெயங்கொண்டத்தில் டிராக்டர் பழுது பார்க்கும் வேலை. இரண்டு பேரும் அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாமியார் ஆண்டாயி பூலாம்பாடியில். குழந்தை இல்லை. முத்தமிழ்செல்வனைக் கேட்டால் "வரப்ப வரட்டும்" என்று ஸ்பேனரைத் தேடுவார். கமலவேணியை யாரும் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் சொல்லாமலேயே அது ஆலை முழுக்க மாதாமாதம் தெரிந்துவிடும். அதற்குக் காரணம் சர்வர்.

தினமும் காலையில் ஒருவர் சாமி ரூமுக்குள் போய், சர்வர் முன்னால் உட்கார்ந்து அன்றைய கணக்கைத் திறக்க வேண்டும். சாயங்காலம் மூடி நகல் எடுக்க வேண்டும். நடுவில் பில் போடும் புரோகிராம் அவ்வப்போது படுத்துக்கொள்ளும், அதை எழுப்ப வேண்டும். இதெல்லாம் கமலவேணியின் வேலை. ஆனால் அறை சின்னம்மாளுடையது. சின்னம்மாள் முதலாளியின் மனைவி. வீட்டுக்குத் தூரமான பெண் அந்த மூன்று நாளும் சாமி ரூமுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். சர்வர் வருவதற்கு முன்பே இருந்த சட்டம், ஆகவே சர்வருக்காக மாறவில்லை.

அந்த நாட்களில் கமலவேணி வாசற்படிக்கு வெளியே நிற்பார். சரக்கு ஏற்றுகிற இடத்திலிருந்து சரத்குமாரைக் கூப்பிடுவார்கள். சரத்குமார் முதலாளியின் அக்கா மகன், இருபத்தாறு வயது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்வான். கமலவேணி வெளியிலிருந்து சொல்லச் சொல்ல அவன் தட்ட வேண்டும்.

"எண்டர் தட்டு."

"எது?"

"பெருசா இருக்கும் பாரு."

"கீழ நீட்டமா இருக்கே, அதா?"

"அது இல்ல. வலது பக்கம்."

"எனக்கு வலதா, மெஷினுக்கு வலதா?"

இப்படி அரை மணி நேரம் போகும். ஒருமுறை அவன் தட்டியதில் ஒரு நாள் பில் முழுவதும் கடலூர் வியாபாரி ஒருவர் பெயரிலேயே விழுந்தது. அவர் சந்தோஷப்படவில்லை. நடராசன் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்த வேலைக்கு ஒரு ஆம்பளப் பையனா போட்டுட்டா தேவலாம்" என்று கமலவேணியின் காதுபடச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. அவர் எதையும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அதுதான் பயம்.

உடைக்கிற கொட்டகையில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைக்கிறார்கள். என் அம்மா சம்பூர்ணம் அதில் ஒருவர். அம்மா உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் சாமி ரூம் வாசல் நேராகத் தெரியும். வாசலில் சரத்குமாரின் செருப்பு கிடந்தால் கமலவேணி தூரம். கமலவேணி தூரம் என்றால் இந்த மாதமும் இல்லை. அம்மா பக்கத்திலிருக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தை நாற்பதாவது பெண்ணைத் தொடுவதற்குள் ஒரு கூடை கொட்டைகூட உடைந்திருக்காது. லாரிக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். அதில் ஒரு டிரைவர், "பரவால்லம்மா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று எடைச்சீட்டை வாங்கிக்கொண்டே ஆறுதல் சொல்லியிருக்கிறார். கமலவேணி அவரிடம் கையெழுத்து மட்டும் கேட்டார்.

போன மாசி மாதத்தில் ஒரு நாள் எனக்கு போன் செய்தார்.

"அறிவு, நான் உள்ள போகாம அந்த சர்வரைப் பாத்துக்கணும். முடியுமா?"

"முடியும்க்கா. ஏன்க்கா, என்ன..."

"ஏன்னு கேக்காத."

கேட்கவில்லை. என் அம்மா சம்பூர்ணம் என்பதால் எனக்குக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

"முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். உள்ள போகாமயே மெஷினப் பாத்துக்கிற மாதிரி செஞ்சுக்கலாமா சார்னு கேட்டேன். செலவு உண்டாம்மான்னாரு. இல்லன்னேன். செஞ்சுக்கன்னுட்டாரு."

அடுத்த புதன்கிழமை போனேன். கமலவேணி உள்ளே போகக்கூடிய நாளாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தார். அந்த சர்வர் ஒரு தனி ஆள். பெரிய கம்பெனிகளில் பத்து இருபது மெஷின் ஒரு தலைமை மெஷினுக்குக் கீழே இருக்கும், தலைமை சொன்னால் மற்றவை கேட்கும். இதற்குத் தலைமையும் கிடையாது, சொந்தபந்தமும் கிடையாது. இப்படித் தனியாக நிற்கிற சர்வரை வெளியிலிருந்து நிர்வாகம் செய்ய வேண்டுமானால், ஒரே ஒரு முறை அதன் எதிரில் உட்கார்ந்து, இனிமேல் வெளியிலிருந்து சொன்னாலும் கேட்டுக்கொள் என்று சொல்லிவைக்க வேண்டும். கமலவேணி உள்ளே சர்வர் முன்னால் உட்கார்ந்தார். நான் ஆபீசில் அவருடைய மேசையில் உட்கார்ந்தேன். நடுவில் திறந்த கதவு.

முதல் கட்டளைக்கு சர்வர் மறுத்தது. தன்னைச் சுற்றியிருக்கிற இணைப்பு பஸ் ஸ்டாண்டு மாதிரி யார் வேண்டுமானாலும் நடமாடுகிற இடம் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. இது நம் இடம்தான் என்று கமலவேணி அதற்குத் தெரிவித்தார். அதன் பிறகு கேட்டது.

அடுத்தது கடவுச்சொல். அந்த சர்வருக்குக் கடவுச்சொல்லே கிடையாது. வாங்கிய அன்று நான் ஒன்று வைத்தேன். நடராசன் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். "சாமி ரூமுக்கு என்னாத்துக்குப் பூட்டு?" என்றார். கடவுச்சொல் இல்லாத நிலையில், எதிரில் வந்து உட்கார்ந்தால் சர்வர் உள்ளே விடும், தூரத்திலிருந்து வந்தால் விடாது. அதனால் தூரத்திலிருந்து வருவதற்கென்று கமலவேணி தனியாக ஒரு யூசர் கணக்கு தொடங்கினார். அதிகாரம் முழுவதும் கொடுத்தார். நீளமாக ஒரு கடவுச்சொல் வைத்தார். வைக்கும்போது என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னார். நான் வேறு அறையில் இருந்தேன், இருந்தாலும் திரும்பினேன்.

கடைசியாக, அவருடைய மேசைக் கம்ப்யூட்டரிடம் இந்த சர்வரை நம்பலாம் என்று அதன் பெயரை எழுதிவைத்தோம். தனி ஆளுக்கு ஜாமீன் சொல்ல யாரும் இல்லாததால் நாமேதான் சொல்ல வேண்டும்.

சின்னம்மாள் பூக்கூடையோடு வந்தார். "என்னம்மா, ஆளுக்கொரு பக்கம் உக்காந்து என்ன பண்றீங்க?"

"சர்வருக்கு ஒரு வசதி செய்யுறோம்மா" என்றார் கமலவேணி.

"செய்யுங்க, செய்யுங்க. குங்குமத்த மட்டும் அழிச்சுடாதீங்க."

கமலவேணி வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். சர்வர் அந்த இரண்டை மட்டும்தான் கேட்டது. இன்றைக்கு என்ன நாள் என்று கேட்கவில்லை. பில் புரோகிராமை மேசையிலிருந்தே நிறுத்தினார், மேசையிலிருந்தே ஓட விட்டார். இரண்டு முறை செய்து பார்த்தார். பிறகு எனக்கு ஒரு டீயும் இரண்டு போண்டாவும் வாங்கிவரச் சொன்னார். ஆறு வருடத்தில் அவர் எனக்கு வாங்கிக்கொடுத்த முதல் போண்டா.

"யாருகிட்டயும் சொல்லாத அறிவு. குறிப்பா உங்கம்மாகிட்ட."

"சொல்லமாட்டேன்க்கா."

அதிலிருந்து காலையில் கணக்கைத் திறப்பது, சாயங்காலம் மூடுவது எல்லாம் மேசையிலிருந்தே நடந்தது. வெள்ளிக்கிழமை பூசைக்குச் சின்னம்மாள் கூப்பிட்டால், போகக்கூடிய நாளாக இருந்தால் போவார், இல்லையென்றால் அந்த நேரம் பேங்குக்குக் கிளம்பிவிடுவார். பில் தடங்கல் இல்லாமல் வந்தது. சரத்குமாரை யாரும் கூப்பிடவில்லை. எல்லாம் நினைத்தபடியே நடந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

பங்குனி மாதம் ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்.

"டேய், கமலவேணிக்கு விசேசம்டா."

நான் சோற்றைப் பிசைந்தேன். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? இந்த மாசம் சரத்து செருப்பு வாசல்ல கெடக்கவே இல்ல."

"அத வச்சு எப்படிம்மா..."

"நீ படிச்சவன், ஒனக்கு இதெல்லாம் புரியாது. கொழம்பு ஊத்தட்டுமா?"

மறுநாள் காலையில் கமலவேணிக்கு போன் செய்தேன்.

"அக்கா, ஒரு சின்ன பிரச்சினை."

"சர்வர்லயா?"

"இல்லக்கா. கொட்டகையில."

சொன்னேன்.

"அதான் உங்கம்மா நேத்து முழுப் பருப்பா பொறுக்கி மடியிலேருந்து எடுத்துக் குடுத்துச்சா?" என்றார். "நானும் கூலிச்சீட்டு சீக்கிரம் போடறதுக்குன்னு நெனச்சுட்டேன்."

"நீங்க இல்லன்னு சொல்லிடுங்கக்கா."

"யாருகிட்ட? என்கிட்ட யாரும் கேக்கலையே. கேக்காதவங்ககிட்ட போயி, எனக்கு இல்ல, எனக்கு இல்லன்னு நாப்பது பேருக்கும் சொல்லிட்டு வரட்டுமா? அதுக்கு வாசல்லயே நின்னுருக்கலாமே."

நான் வேறு வழி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கே சரத்தைக் கூப்பிட்டு உள்ள உக்கார வச்சுட்டு வாசல்ல நின்னேன்னா பத்து நிமிசத்துல எல்லாம் சரியாயிடும்" என்று அவரே சொன்னார்.

"நிக்கப்போறீங்களாக்கா?"

"மாட்டேன்."

நிற்கவில்லை. ஆலையில் பேச்சும் நிற்கவில்லை. சித்திரையிலும் செருப்பு தென்படாமல் போகவே விஷயம் உறுதியானது. சின்னம்மாள் சாமிக்குப் படைத்த பொங்கலில் நெய்யை இன்னும் கொஞ்சம் விட்டு அவருக்கென்று தனியாக எடுத்துவைத்தார். "நீ ஒன்னும் சொல்ல வேண்டாம், சாப்புடு" என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மாடியில் இருக்கிற பழைய பைல் வேண்டுமென்றால் அவரே ஏறி எடுத்துவந்தார். நடராசன் ஒரு வார்த்தை சொல்லாமல், முதுகு சாய்கிற மெத்தை நாற்காலி ஒன்று வாங்கி மேசைக்குப் பின்னால் போட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் ஆபீஸ் பக்கம் வந்தால் கெட்ட வார்த்தையைப் பாதியில் நிறுத்தினார்கள். கொட்டகையிலிருந்து மாங்காய் வந்தது. எலுமிச்சை ஊறுகாய் வந்தது. எதுவும் கேள்வியாக வரவில்லை. கேள்வி வந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம் என்று கமலவேணி பிறகு என்னிடம் சொன்னார். கண் பட்டுவிடும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

சரத்குமார் மட்டும் சந்தேகப்பட்டான். செருப்பு அவனுடையது.

"என்ன மேடம், இப்பல்லாம் நம்மளக் கூப்புடறதே இல்ல?"

"வேலை இருந்தா கூப்புடறேன் சரத்து."

"வேலையே இல்லாம போச்சா?"

"எண்டர் எதுன்னு கத்துக்கிட்டியா?"

போய்விட்டான்.

வைகாசி பிறந்து ஒரு திங்கட்கிழமை பூலாம்பாடியிலிருந்து ஆண்டாயி கிளம்பினார். எங்கள் கொட்டகையிலிருக்கிற ஒருத்தியின் நாத்தனார் பூலாம்பாடியில் கொடுத்திருக்கிற பெண், செய்தி அந்த வழியில் போயிருக்கிறது. பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் மாறி, மத்தியானச் சோற்று நேரத்துக்கு ஆலை வாசலில் வந்து இறங்கினார். ஒரு கையில் முருங்கைக்கீரை, ஒரு கையில் உமி போட்டு அடுக்கிய நாட்டுக்கோழி முட்டைக் கூடை. வீட்டுக்குப் போகவில்லை, மகனிடம் சொல்லவில்லை. நேராக ஆபீசுக்குள் வந்துவிட்டார். அன்று நானும் அங்கே இருந்தேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கியதற்காக வந்திருந்தேன். சின்னம்மாளும் இருந்தார், நடராசனும் இருந்தார், எடைச்சீட்டு கொடுக்க வந்த சரத்குமாரும் இருந்தான். ஜன்னல் வழியாக என் அம்மாவின் தலை தெரிந்தது. அதன் பின்னால் இன்னும் சில தலைகள்.

"ஏன்டியம்மா," என்றார் ஆண்டாயி, கூடையை மேசைமேல் வைத்து, "என் மருமவ முழுவாம இருக்குறத எனக்கு எவளோ வந்துதான் சொல்லணுமா? ஒரு போனு போட்டா கையி தேஞ்சுடுமா ஒனக்கு?"

கமலவேணி எழுந்து நின்றார். "உக்காருங்கத்த. தண்ணி குடிங்க."

"தண்ணியெல்லாம் அரியலூர்ல குடிச்சுட்டேன். எத்தன மாசம்?"

"ஒன்னும் இல்லங்கத்த."

"ஒன்னும் இல்லாமயா நீ மூணு மாசமா வாசல்ல நிக்காம இருக்க?"

கமலவேணி ஜன்னலைப் பார்த்தார். தலைகள் அசையவில்லை. மாமியாரைப் பார்த்தார். என் அம்மாவுக்குக்கூடக் கேட்கும் குரலில் சொன்னார்.

"எனக்கு ஒன்னும் இல்லத்த. போன வாரங்கூட தூரந்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமும் தூரந்தான். நான் வாசல்ல நிக்கல, அவ்வளவுதான்."

ஆண்டாயி முட்டைக் கூடையின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அடுத்த வார்த்தை வருவதற்குள் சின்னம்மாளுக்கு வந்துவிட்டது.

"அப்ப நீ அந்த மூணு நாளும் உள்ள போனியா?"

இந்தக் கேள்விக்குத்தான் கமலவேணி பயந்துகொண்டிருந்தார். இதற்குத் தவறான பதில் வந்தால் அன்று சாயங்காலமே வேலை போய்விடும். மெத்தை நாற்காலி எல்லாம் அதைத் தடுக்காது.

"போகலைங்கம்மா."

"அப்ப கணக்க யாரு தொறந்தா? இந்தப் பயலும் போகல."

"நாந்தாம்மா. இங்கேருந்து. சார்கிட்ட கேட்டுத்தான் செஞ்சேன்."

எல்லாரும் நடராசனைப் பார்த்தார்கள். "செலவு இல்லன்னுச்சு" என்றார் நடராசன்.

"இங்க உக்காந்து அங்க எப்படித் தொறக்கும்?" என்றார் சின்னம்மாள். "காட்டு பாப்போம். சரத்து, நீ உள்ள போயி மெஷினைப் பாரு."

சரத்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். ஜன்னல் தலைகள் செருப்பைப் பார்த்தன. கமலவேணி மேசையில் தட்டினார். பில் புரோகிராமை நிறுத்தினார், ஓட விட்டார்.

"என்னடா தெரியுது?" என்று சின்னம்மாள் குரல் கொடுத்தார்.

"ஒன்னும் நடக்கல அத்த. அம்மன் படந்தான் தெரியுது."

அது திரையில் நடராசன் வைத்திருந்த படம். தூரத்திலிருந்து செய்கிற நிர்வாகம் சத்தமில்லாமல் பின்னால் நடந்துவிடும், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. சரத்குமார் உள்ளிருந்து, "சும்மா சொல்லுது அத்த. உள்ள போயித்தான் செஞ்சிருக்கும்" என்றான்.

கமலவேணி என்னைப் பார்த்தார். "அக்கா, மொத்தமா ஒரு தடவ நிறுத்தி எழுப்பிடுங்க" என்றேன்.

ஒரு வரி தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து சத்தம் வந்தது.

"அத்த, அணைஞ்சுடுச்சு! நான் தொடல! நான் ஒன்னத்தையும் தொடல!" பிறகு, "லைட்டு எரியுது. சுத்துது. அத்த, தானா வருது!"

வெளியே வந்தபோது அவன் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்திருந்தான். ஜன்னலில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அப்ப உள்ள போகலதான்" என்றான். உடனே அடுத்ததையும் பிடித்தான். "ஆனா அத்த, தீட்டோட சாமி ரூம் மெஷினத் தொட்டிருக்குல்ல? கை இங்க இருந்தா என்னா, ஒயரு அங்கதான போவுது? ஒயர்ல கரண்டு போவும்போது தீட்டு போவாதா?"

நியாயமான கேள்விதான். நான் படித்த படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. நடராசன் தன் மனைவியைப் பார்த்து, "இது ஒன் டிபார்ட்மெண்டு" என்று சொல்லிவிட்டு சேரில் சாய்ந்தார்.

சின்னம்மாள் யோசித்தார். சாமி ரூம் கதவைப் பார்த்தார், கதவிலிருந்து ஒயர் வருகிற வழியைப் பார்த்தார், அது கமலவேணியின் மேசையில் முடிகிற இடத்தைப் பார்த்தார். பிறகு கதவுக்கு வெளியே சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையிடம் போய் நின்றார்.

"சாமி ரூம் லைட்டுக்கு சுவிட்சு எங்க இருக்கு?"

"இங்கதான் அத்த. வெளிய."

"இத தெனமும் யாரு போடுறா?"

"வராண்டா கூட்டுற பொம்பள யாராச்சும்."

"நாளு கெழமை பாத்தா போடுறாங்க?"

சரத்குமார் சுவிட்சைப் பார்த்தான்.

"இந்த ஆலை கட்டுனதுலேருந்து கண்டவளும் கண்ட நாள்ல இந்த சுவிட்சப் போட்டுத்தான் உள்ள வெளக்கு எரியுது. அம்மன் இன்னவரைக்கும் ஒன்னும் சொல்லல. அதுக்கும் ஒயருதான், இதுக்கும் ஒயருதான். உள்ள கால் வைக்கக் கூடாதுன்னுதான் நான் சொன்னேன். அது கால் வைக்கல."

தீர்ப்பு அவ்வளவுதான். சட்டம் அப்படியே இருந்தது.

ஆண்டாயி சரத்குமார் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானா அது? மாசாமாசம் வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டு எம் மருமவளுக்குத் தமுக்கு அடிச்சவன்?"

"நான் என்னம்மா பண்ணேன்? கூப்புட்டாங்க, போனேன்."

"போனியே, செருப்ப வேற பக்கம் வுட்டுட்டுப் போனா கால்ல முள்ளு குத்துமா?"

ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் அம்மா சிரிக்கவில்லை.

ஆண்டாயி முட்டைக் கூடையைப் பார்த்தார். திரும்பத் தூக்கிக்கொள்வதா என்று ஒரு கணம் கை போனது. பிறகு அதை கமலவேணி பக்கம் நகர்த்தினார்.

"முட்டை முட்டைதானே. வேக வச்சு சாப்புடு. எளைச்சுப் போயிருக்க."

"சரிங்கத்த."

"எனக்கு ஒரு போனு போட்டிருக்கலாம்."

"என்னத்தன்னு போடுறதுங்கத்த?"

ஆண்டாயி கிட்டே வந்தார். மருமகளின் தோளில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டு, முருங்கைக்கீரையை மட்டும் எடுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குச் சமைக்கக் கிளம்பினார்.

சரத்குமார் மெத்தை நாற்காலியின் பின்பக்கம் கை வைத்து, "மாமா, அப்ப இத நம்ம ரூமுக்குத் தள்ளிட்டுப் போவட்டுமா?" என்றான். கமலவேணி அதில் உட்கார்ந்தார். நடராசன் வேறு பக்கம் பார்த்தார். நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கூட்டம் கலைகிற நேரத்தில் சின்னம்மாள் சரத்குமாரை நிறுத்தினார்.

"சரத்து, எனக்கு முட்டி வலி. குனிய முடியல. இனிமே தெனமும் காலையிலயும் சாயந்தரமும் நீதான் உள்ள போயி வெளக்குக்கு எண்ணெ ஊத்தணும்."

"நானா? தெனமுமா அத்த?"

"ஒனக்குத்தான் எந்த நாளும் உள்ள போவத் தடையில்லையே. செருப்ப வாசல்லயே கழட்டிப் போடு, வராண்டாவெல்லாம் மண்ணாக்காத."

அன்று சாயங்காலம் அதே சின்னம்மாள் மாடி ஏறி, காயப்போட்ட வத்தலைக் குனிந்து குனிந்து அள்ளிக்கொண்டு வந்ததை என் அம்மா பார்த்திருக்கிறார். எனக்கு அதைச் சொல்லும்போது, "முட்டி வலி வந்து வந்து போவும்போல" என்றார்.

இப்போது தினமும் சாமி ரூம் வாசலில் சரத்குமாரின் செருப்பு கிடக்கிறது. காலையிலும் கிடக்கிறது, மாலையிலும் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் கிடக்கிறது. கமலவேணி மேசையில் உட்கார்ந்து கணக்கைத் திறக்கிறார், மூடுகிறார். லாரிக்காரர்கள் எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு லோடு பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

போன வாரம் சாப்பிடும்போது அம்மா அலுத்துக்கொண்டார்.

"தெனமும் செருப்பு கெடக்குதுடா. அதப் பாத்து என்னாத்த தெரிஞ்சுக்கிறது?"

"ஒன்னும் தெரிஞ்சுக்க முடியாதும்மா."

"அந்தப் புள்ளகிட்டயே கேட்டாத்தான் உண்டுன்னு, நேத்து போயி கேட்டுட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "என்ன சொன்னாங்க?"

"கூலிச்சீட்டு வேணுமாக்கான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். போட்டுக் குடுத்துச்சு, வாங்கிட்டு வந்துட்டேன்."